பிரவுசரில் திறக்கிறது, நிரலில் சான்றிதழ் பிழை: சரிபார்ப்பை அணைத்துவிடலாமா?

3 நவம்பர் 2025, மாலை (கேள்வி)

அண்ணா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களின் சர்வரிலிருந்து விலைப்பட்டியலை எடுத்து பில்லிங்கில் சேர்க்க ஒரு பைதான் நிரல் எழுதினேன். உபுண்டு, ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி. ஓட்டினால் 'சர்டிபிகேட் வெரிஃபை ஃபெயில்ட்' என்று நின்றுவிடுகிறது. அதே முகவரி குரோமில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திறக்கிறது. பக்கத்து சீட்டில் இருப்பவர் வெரிஃபை என்பதை ஃபால்ஸ் ஆக்கச் சொன்னார். ஆக்கினேன், ஓடுகிறது. உள்வேலைக்கான நிரல்தானே, அப்படியே விட்டுவிடலாமா?

3 நவம்பர், இரவு

விட வேண்டாம். இன்றைக்கே அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

வெரிஃபை ஃபால்ஸ் வைத்தாலும் தகவல் மறையாக்கம் ஆகித்தான் போகும். ஆனால் யாருக்குப் போகிறது என்று நிரல் பார்ப்பதே இல்லை. நடுவில் ஒருவர் உட்கார்ந்து எந்தச் சான்றிதழை (சர்வர் காட்டும் அடையாள அட்டை) நீட்டினாலும் வாங்கிக்கொண்டு பேசத் தொடங்கிவிடும். உங்கள் நிரல் ஒவ்வொரு கோரிக்கையிலும் ஏபிஐ சாவியை (சர்வர் உங்களை அடையாளம் காணும் ரகசியக் குறியீடு) அனுப்புகிறது அல்லவா? அது அவர் கைக்குப் போய்விடும். திரும்பி வரும் விலைகளையும் அவர் மாற்றலாம், அந்த விலை உங்கள் வாடிக்கையாளரின் பில்லில் ஏறும்.

அப்புறம், பிழையை முழுதாகக் கொடுங்கள். 'வெரிஃபை ஃபெயில்ட்' என்பது வெறும் தலைப்பு. அதன்பின் ஒரு முக்காற்புள்ளி இருக்கும், காரணம் அதற்கு அப்புறம்தான் வரும். பலர் முதல் பாதியை மட்டும் ஒட்டிவிட்டு உதவி கேட்கிறார்கள். முதல் பாதியை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

கூடவே அந்தக் கணினியிலேயே ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு இணைப்புக் கருவியின் எஸ்_கிளையன்ட் கட்டளையை, ஷோசர்ட்ஸ் தேர்வையும் சேர்த்து, அந்த முகவரிக்கும் 443ஆம் போர்ட்டுக்கும் ஓட்டிப் பாருங்கள். சர்வர் எத்தனை சான்றிதழ் அனுப்புகிறது, கடைசியில் 'வெரிஃபை ரிட்டர்ன் கோட்' எந்த எண் என்று இரண்டையும் எழுதுங்கள்.

4 நவம்பர், காலை

அம்பத்தூர்த் தம்பி அனுப்பியது: பைதானில் 'அன்ஏபிள் டு கெட் லோக்கல் இஷ்யூயர் சர்டிபிகேட்'. எஸ்_கிளையன்டில் எண் 21. சர்வர் அனுப்பிய சான்றிதழ் ஒன்றே ஒன்று.

அந்த 'ஒன்றே ஒன்று' என்பதிலேயே விடை இருக்கிறது. ஒரு தளத்தின் சான்றிதழில் ரூட், அதாவது நம் கணினி நம்பும் உச்சச் சான்றிதழ், நேரடியாகக் கையெழுத்துப் போடுவதில்லை. ரூட்டின் சாவியை வெளியே எடுக்காமல் பத்திரமாக வைத்திருப்பார்கள். அது இன்டர்மீடியட் என்ற இடைநிலைச் சான்றிதழ் ஒன்றுக்குக் கையெழுத்துப் போடும், இன்டர்மீடியட்தான் தளத்துக்குப் போடும். இந்த வரிசைதான் செயின். நம் கணினியில் இருப்பது ரூட்கள் மட்டும். ஆகவே தளத்தின் சான்றிதழோடு இன்டர்மீடியட்டையும் சேர்த்து அனுப்புவது சர்வரின் பொறுப்பு. இந்த சர்வர் அதை அனுப்பவில்லை. பைதான் இதை 20ஆம் பிழையாகச் சொல்லும், எஸ்_கிளையன்ட் 20ஐக் காட்டிவிட்டு 21 என்று முடிக்கும். இரண்டும் ஒரே கோளாறுதான்.

பிறகு குரோமில் எப்படித் திறந்தது? சான்றிதழுக்குள்ளேயே 'என்னை வழங்கியவரின் சான்றிதழ் இந்த முகவரியில் கிடைக்கும்' என்று ஒரு குறிப்பு உண்டு. ஏஐஏ என்பார்கள். குரோம் அந்த முகவரிக்குப் போய் விடுபட்டதைத் தானே எடுத்துக்கொள்கிறது. ஃபயர்பாக்ஸ் வேறு வழியில் போகிறது: 2020இல் வந்த 75ஆம் பதிப்பிலிருந்து, தெரிந்த இன்டர்மீடியட்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. கர்ல் கட்டளை, பைதான், நோட், கோ மொழி நிரல்கள் எதுவும் லினக்ஸில் இதைச் செய்யாது. ஜாவாவில் வசதி இருக்கிறது, ஆனால் நாம் சொன்னால்தான் செய்யும். ஆக, பிரவுசரில் திறப்பதை வைத்து சர்வர் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. பிரவுசர் அந்தக் குறையை மூடி மறைத்துவிடுகிறது.

திருத்த வேண்டியது அவர்கள். சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ் என்றால் சான்றிதழ் கோப்பில் முதலில் தளத்தின் சான்றிதழ், அதன் கீழே இன்டர்மீடியட், இந்த வரிசையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் சேவையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு 'ஃபுல்செயின்' என்ற பெயரிலேயே அந்தக் கோப்பு கிடைக்கும், பலர் பக்கத்திலுள்ள 'சர்ட்' கோப்பைக் காட்டிவிடுகிறார்கள். அப்பாச்சியில் 2.4.8 பதிப்பிலிருந்து ஒரே கோப்பில் எல்லாவற்றையும் வைக்கலாம்.

அவர்கள் திருத்தும்வரை உங்கள் பக்கம்: ஏஐஏ முகவரியிலிருந்து இன்டர்மீடியட்டை இறக்குங்கள். அது பெரும்பாலும் டிஇஆர் என்ற பைனரி வடிவில் வரும், பிஇஎம் என்ற எழுத்து வடிவுக்கு மாற்ற வேண்டும். ரிக்வெஸ்ட்ஸ் பார்க்கும் ரூட் பட்டியலான செர்டிஃபை தொகுப்பின் பிரதி ஒன்றை எடுத்து அதன் கடைசியில் இதை ஒட்டி, வெரிஃபை என்ற இடத்தில் ஃபால்ஸுக்குப் பதில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். நிரல் ஓடும், சரிபார்ப்பும் நடக்கும்.

4 நவம்பர், மதியம்

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் ஓப்பன்எஸ்எஸ்எல் வெரிஃபை கட்டளையால் அந்த இன்டர்மீடியட் உண்மையிலேயே நம் ரூட் ஒன்றின் கீழ் வருகிறதா என்று பாருங்கள். பழைய பைதானில் இன்டர்மீடியட்டைத் தொகுப்பில் போட்டாலும் ஓப்பன்எஸ்எஸ்எல் அதைத் தாண்டி ரூட் வரை ஏறித்தான் பார்க்கும். பைதான் 3.13இலிருந்து இயல்பு நிலையில் 'பார்ஷியல் செயின்' என்ற கொடி (சரிபார்ப்பு அமைப்பு) இயங்குகிறது. அதாவது தொகுப்பில் எதைப் போட்டாலும் அதுவே நம்பிக்கையின் எல்லை, அதற்கு மேல் ஏற வேண்டிய கட்டாயமில்லை. ஏஐஏ முகவரி பெரும்பாலும் சாதாரண எச்டிடிபியில் இருக்கும், வழியில் மாற்றப்பட வாய்ப்பு உண்டு. அதனால் முதலில் சோதனை, அப்புறம் ஒட்டுவது.

4 நவம்பர், இரவு

சரக்கு அனுப்புகிறவர்களிடமிருந்து எதிர்பார்த்த பதில்தான் வந்திருக்கிறது: 'எங்க சைடுல எல்லாம் ஓகே சார், பிரவுசர்ல ஓபன் ஆகுதே.'

இங்கேதான் எனக்கு எப்போதும் அதிக நேரம் போயிருக்கிறது. கோளாறைக் கண்டுபிடிக்கச் சில நிமிடம், எதிர்ப்பக்கத்தை ஒப்புக்கொள்ள வைக்கச் சில வாரம். என் அனுபவத்தில் பலித்த வழி: போனில் வாதாடாதீர்கள். எஸ்_கிளையன்ட் விடையை அப்படியே ஒட்டி, 'சான்றிதழைக் கையெழுத்திட்டவர் இவர், அவருடைய சான்றிதழை உங்கள் சர்வர் அனுப்பவில்லை, இந்தக் கோப்பில் இதைச் சேர்க்க வேண்டும்' என்று ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். பிழை நம் பக்கமில்லை என்று நிரூபிப்பதை விட, அவர் செய்ய வேண்டிய வேலையை எழுதிக் கொடுப்பது சீக்கிரம் முடியும். குவாலிஸ் எஸ்எஸ்எல் லேப்ஸ் சோதனைப் பக்கத்தில் அந்தத் தளத்தைப் போட்டால் 'செயின் முழுமையாக இல்லை' என்று அதுவே சொல்லும். மூன்றாவது ஆள் சொன்னால் மரியாதை கூடுதல். வெளியிலிருந்து எட்டக்கூடிய சர்வராக இருந்தால் மட்டும்தான் இது நடக்கும்.

6 நவம்பர்

தரமணியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: 'எனக்கும் இதே பிழை. ஆனால் வீட்டில் ஓடுகிறது, ஆபீஸில் மட்டும் வருகிறது. கிட், பிப், என்பிஎம் எல்லாமே அடி வாங்குகின்றன.'

இது இதே பிழை இல்லை. உங்கள் வரியில் 'செல்ஃப் சைன்டு சர்டிபிகேட் இன் சர்டிபிகேட் செயின்' என்று இருக்கும், எண் 19. ஆபீஸில் மட்டும் வருகிறது, எல்லாத் தளத்துக்கும் வருகிறது என்றால் வாசலில் ஒரு ஃபயர்வால் உட்கார்ந்து இணைப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தன் சொந்தச் சான்றிதழைப் போட்டுத் திரும்ப மூடி அனுப்புகிறது. எஸ்_கிளையன்ட் விடையில் 'இஷ்யூயர்' வரியைப் பாருங்கள். கிட்ஹப்பின் சான்றிதழை வழங்கியவர் உங்கள் கம்பெனி பெயரில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஓஎம்ஆர் பக்கத்து ஆபீஸ்களில் இது சகஜம். ஆபீஸ் கணினி, ஆபீஸ் விதி, அதில் சண்டைக்கு இடமில்லை. ஐடி ஆட்களிடம் அந்த ரூட் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். எஸ்_கிளையன்ட் காட்டியதை வெட்டி ஒட்டிக்கொள்ளாதீர்கள், அது ஐடி கொடுத்ததா வேறு யாரோ கொடுத்ததா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

வாங்கிய பிறகுதான் நிஜமான தலைவலி. ஒரு கணினிக்கு ஒரே நம்பிக்கைப் பட்டியல் என்று நினைத்துக்கொண்டிருப்போம், அப்படி இல்லை. உபுண்டுவில் யூஎஸ்ஆர், லோக்கல், ஷேர் வழியாக சிஏ-சர்டிபிகேட்ஸ் அடைவில் போட்டு அப்டேட்-சிஏ-சர்டிபிகேட்ஸ் ஓட்ட வேண்டும். கோப்பின் பெயர் சிஆர்டி என்று முடிந்தால்தான் எடுத்துக்கொள்ளும். பிஇஎம் என்று முடிந்தால் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் தாண்டிப் போய்விடும். இதில் மாட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதைச் செய்ததும் கர்ல் ஓடும், கிட் ஓடும், கோ நிரல்கள் ஓடும். ரிக்வெஸ்ட்ஸ் ஓடாது. அது செர்டிஃபை என்ற தன் சொந்தத் தொகுப்பைத்தான் பார்க்கும். ரிக்வெஸ்ட்ஸ்_சிஏ_பண்டில் என்ற சூழல் மாறியில் கணினியின் தொகுப்புப் பாதையைக் கொடுக்க வேண்டும். நோட் தனக்குள்ளேயே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதற்கு நோட்_எக்ஸ்ட்ரா_சிஏ_சர்ட்ஸ். ஜாவாவுக்குத் தனி. ஃபயர்பாக்ஸுக்குத் தனி. டாக்கர் கன்டெய்னருக்குள் போனால் மறுபடி முதலிலிருந்து; சின்ன இமேஜ்கள் சிலவற்றில் சிஏ-சர்டிபிகேட்ஸ் தொகுப்பே இருக்காது. பிப் மட்டும் 24.2 பதிப்பிலிருந்து கணினியின் பட்டியலைத் தானாகப் பார்க்கிறது, பைதான் 3.10 அல்லது அதற்கு மேல் இருந்தால். நல்ல மாற்றம். ட்ரஸ்ட்ஸ்டோர் என்ற அதே லைப்ரரியை நம் நிரலிலும் சேர்க்கலாம்.

செர்டிஃபையின் கோப்பை நேரடியாகத் திறந்து ஒட்டுகிறவர்கள் உண்டு. அடுத்த அப்டேட்டில் அது அழிந்துவிடும், அப்போது ஏன் உடைந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

6 நவம்பர், சற்று கழித்து

தரமணிக்காரரின் பதில்: பைதான் 3.12இல் ஓடுகிறது, 3.13இல் அதே ரூட் போட்டும் ஓடவில்லை.

3.13இல் 'ஸ்ட்ரிக்ட்' கொடியும் இயல்பாக இயங்குகிறது. கம்பெனிக்குள் எப்போதோ உருவாக்கிய ரூட்களில் சில பகுதிகள் விட்டுப்போயிருக்கும், அல்லது 'கிரிட்டிக்கல்' என்று குறிக்க வேண்டியது குறிக்கப்படாமல் இருக்கும். முன்பு கண்டுகொள்ளாமல் விட்டது, இப்போது விடாது. சரியான வழி, ஐடி அந்த ரூட்டை விதிப்படி மறுபடி உருவாக்குவது. அதுவரை எஸ்எஸ்எல் கான்டெக்ஸ்டில் (இணைப்பின் பாதுகாப்பு அமைப்புகள்) அந்த ஒரு கொடியை மட்டும் நீக்கலாம். மொத்தச் சரிபார்ப்பையும் அணைப்பதற்கும் இதற்கும் வெகுதூரம்.

7 நவம்பர்

'ஜாவாவில் பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட் வருகிறது. கீடூலில் ஏற்றிவிட்டேன், இன்னும் போகவில்லை' என்று ஒரு கேள்வி.

எந்த ஜாவாவில் ஏற்றினீர்கள்? ஒரே கணினியில் மூன்று நான்கு ஜேடிகே (ஜாவா நிறுவல்) கிடக்கும், ஒவ்வொன்றுக்கும் கேசர்ட்ஸ் என்ற நம்பிக்கைப் பட்டியல் கோப்பு ஒன்று. நீங்கள் ஏற்றியது ஒன்றில், டாம்கேட் சர்வர் ஓடுவது இன்னொன்றில். ஓடும் புராசஸின் பாதையைப் பார்த்து, அந்த ஜாவாவின் கேசர்ட்ஸில் ஏற்றுங்கள். கடவுச்சொல்லை யாரும் மாற்றியிருக்காவிட்டால் 'சேஞ்ச்இட்'தான். ஏற்றியபின் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தித் தொடங்க வேண்டும். அப்போதும் வந்தால் ஜாவாஎக்ஸ்.நெட்.டீபக் அமைப்பில் எஸ்எஸ்எல், ஹேண்ட்ஷேக் போட்டு ஓட்டுங்கள். எந்தக் கோப்பைப் படிக்கிறது என்பதும் அதில் தெரியும்.

தேடினால் இதற்கு இன்னொரு 'தீர்வு' கிடைக்கும்: எந்தச் சான்றிதழையும் ஏற்கும் ட்ரஸ்ட்மேனேஜர் (சான்றிதழைச் சோதிக்கும் ஜாவாப் பகுதி). உள்ளே காலியாக இருக்கும் மூன்று மெத்தட்கள். அதை எடுத்து ஒட்டாதீர்கள். அது ஒரு இணைப்போடு நிற்காது. பெரும்பாலான உதாரணங்கள் அதை மொத்த ஜேவிஎம்முக்கும் இயல்பாக்கிவிடுகின்றன. உங்கள் நிரல் பேசும் பேமென்ட் கேட்வே உட்பட எல்லாமே திறந்த வாசல் ஆகிவிடும்.

2012இல் ஸ்டான்ஃபோர்டு, டெக்சாஸ் ஆஸ்டின் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பிரவுசர் அல்லாத நிரல்கள் சான்றிதழை எப்படிச் சோதிக்கின்றன என்று பார்த்தார்கள். பணப் பரிவர்த்தனை லைப்ரரிகள் உட்படப் பலவற்றில் சோதனை உடைந்து கிடந்தது. அதில் ஒரு விஷயம் பிஎச்பி எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கர்லில் வெரிஃபைஹோஸ்ட் என்ற அமைப்புக்குச் சரியான மதிப்பு 2. நல்லெண்ணத்தோடு 'ட்ரூ' என்று எழுதினால் அது 1 ஆகிவிடும். அப்போதைய கர்லில் 1 என்றால், சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், அது இந்தத் தளத்தின் பெயர்தானா என்று பார்க்காது. பாதுகாப்பை இயக்குவதாக நினைத்து எழுதிய வரியே பாதுகாப்பை எடுத்துவிட்டது. கர்ல்காரர்கள் உடனே 7.28.1இல் அந்த 1ஐ ஏற்காமல் செய்தார்கள்.

11 நவம்பர்

மழை, கரண்ட் கட் என்று சில நாள் இந்தப் பக்கம் வரவில்லை. கரண்ட் போய் வந்ததும் ஒரு பழைய விவகாரம் ஞாபகத்துக்கு வந்தது.

சௌகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடை. அவர்களுடைய பில்லிங் கணினி தினமும் காலையில் சர்வரோடு இணையாது, சான்றிதழ் பிழை. பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். நெட்வொர்க், சர்வர், லோட் என்று எல்லாம் பார்த்தாயிற்று. பிழையின் இரண்டாம் பாதியை யாரும் படிக்கவில்லை: 'சர்டிபிகேட் இஸ் நாட் யெட் வேலிட்', எண் 9. இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவே இல்லையாம். கணினியின் தேதியைப் பார்த்தால் பல வருடம் பின்னால். இரவு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவார்கள், மதர்போர்டு பேட்டரி செத்துப்போயிருந்தது, காலையில் கடிகாரம் ஆதியிலிருந்து தொடங்கும். கொஞ்ச நேரம் கழித்து என்டிபி (இணைய வழி நேரச் சேவை) நேரத்தைச் சரிசெய்ததும் எல்லாம் சுகம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சிஆர்2032 பேட்டரி வாங்கிப் போட்டு முடித்தோம்.

கடையில், கிடங்கில், கோயில் டிக்கெட் கவுன்டரில் இருக்கும் சின்னக் கருவிகளுக்கு எழுதுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் கடிகாரச் சில்லே கிடையாது. நிரல் தொடங்குமுன் நேரம் ஒத்துப்போனதா என்று பார்த்துவிட்டு இணையச் செய்யுங்கள்.

'காலாவதி' என்று வந்தால் எண் 10. அப்போதும் முதலில் நம் கடிகாரத்தைப் பாருங்கள், அப்புறம் சர்வரைத் திட்டுங்கள்.

15 நவம்பர்

பெருங்குடியிலிருந்து ஒரு மறுப்பு: 'எங்கள் பழைய சென்ட்ஓஎஸ் 7 பெட்டியில் ஒருநாள் திடீரென்று எல்லாம் உடைந்தது. செயின் முழுசாக இருந்தது, கடிகாரம் சரி, தளத்தின் சான்றிதழும் காலாவதி ஆகவில்லை. ஆனாலும் எண் 10. உங்கள் கணக்கில் இது வரவில்லையே?'

எந்த நாள் என்று சொல்லவில்லை. 2021 செப்டம்பர் 30 என்று நினைக்கிறேன், இந்திய நேரப்படி இரவு 7.31. டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற பழைய ரூட் காலாவதியான நேரம் அது.

லெட்ஸ் என்கிரிப்ட் தன் சொந்த ரூட்டான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1ஐ வைத்திருந்தது. பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்காக, அந்த ரூட்டுக்கு டிஎஸ்டியின் கையெழுத்தும் போட்ட ஒரு பிரதியைச் செயினோடு அனுப்பியது. ரூட்டின் காலாவதித் தேதியை ஆண்ட்ராய்டு பார்ப்பதில்லை என்பதால் அங்கே பிரச்சினை இல்லை. புதிய ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்1ஐத் தன் பட்டியலில் கண்டதும் அங்கேயே நின்றுவிடும். 1.0.2 பதிப்பு அப்படி நிற்காது. சர்வர் கொடுத்த பாதையில் மேலே ஏறி, செத்துப்போன ரூட்டில் முட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்த நல்ல பாதையைப் பார்க்காமலே 'காலாவதி' என்று திரும்பிவிடும். சென்ட்ஓஎஸ் 7இல் இருந்தது அந்த 1.0.2தான். அன்றைய தீர்வு, பழைய ரூட்டைக் கணினிப் பட்டியலிலிருந்து நீக்குவது. பட்டியலில் ஒன்றைச் சேர்த்தால் சரியாகும் என்றுதான் எல்லாரும் தேடினார்கள், இங்கே ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது.

அதற்கு முந்தைய வருடமே, 2020 மே 30 அன்று, ஆட்ட்ரஸ்ட் எக்ஸ்டர்னல் ரூட் காலாவதியானபோது இதே காட்சி நடந்தது. அப்போதும் உடைந்தவை பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல்களே, பிரவுசர்கள் தப்பின.

சரி, 4ஆம் தேதிக் குறிப்புக்கு இது ஒரு முக்கியமான சேர்க்கை. செயினில் எத்தனை இருக்கிறது என்று எண்ணினால் மட்டும் போதாது. எஸ்_கிளையன்ட் எந்த ஆழத்தில் பிழை காட்டுகிறது என்பதையும் பாருங்கள். டெப்த் 0 என்றால் தளத்தின் சான்றிதழ், எண் கூடக்கூட ரூட்டை நோக்கி.

16 நவம்பர்

பெயர் பொருந்தாத பிழை பற்றித் தனித்தனியாகக் கேட்டவர்களுக்குச் சேர்த்து. எண் 62 என்றால் பெயர், 64 என்றால் ஐபி முகவரி.

சோதனைக்காக சர்வரை 192.168 என்று தொடங்கும் ஐபியில் அழைப்பீர்கள், சான்றிதழில் டொமைன் பெயர்தான் இருக்கும். பொருந்தாது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயரை எழுதி, பெயரால் அழையுங்கள். கர்லில் ரிசால்வ் தேர்வு அதற்காகவே இருக்கிறது. நட்சத்திரக் குறிச் சான்றிதழ் ஒரே ஒரு படிக்குத்தான் செல்லும், இரண்டு படி உள்ளே உள்ள பெயருக்குச் செல்லாது.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்து சிஎன் (பொதுப்பெயர்) புலத்தில் மட்டும் பெயர் எழுதிச் சான்றிதழ் உருவாக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குரோம் 58 அதைப் பார்ப்பதை 2017இலேயே நிறுத்திவிட்டது, கோ 1.15 2020இல் நிறுத்தியது. பெயர் சான் (எஸ்ஏஎன்) என்ற மாற்றுப்பெயர்ப் புலத்தில் இருக்க வேண்டும். ஐபி வேண்டுமென்றால் அதே புலத்தில் ஐபி வகையாக.

முற்றிலும் வேறு தளத்தின் சான்றிதழ் வந்து நின்றால், பெரும்பாலும் எஸ்என்ஐ, அதாவது வேண்டிய தளத்தின் பெயர், போகவில்லை. ஒரே ஐபியில் பல தளம் இருக்கும்போது எந்தத் தளம் வேண்டும் என்று முதல் செய்தியிலேயே நிரல் சொல்ல வேண்டும். பழைய எஸ்_கிளையன்டில் சர்வர்நேம் தேர்வை நாமே கொடுக்க வேண்டும், 1.1.1இலிருந்து தானாகவே அனுப்புகிறது.

'ராங் வெர்ஷன் நம்பர்' என்று வருவது சான்றிதழ் பிழையே இல்லை. பெரும்பாலும் அந்தப் பக்கம் சாதாரண எச்டிடிபியில் பதில் சொல்கிறது. போர்ட்டையும் பிராக்ஸி அமைப்பையும் பாருங்கள்.

18 நவம்பர்

பக்கத்து சீட்டுக்காரரே வந்து எழுதியிருக்கிறார்: 'சார், எங்கள் சர்வர் எல்லாம் விபிஎன்னுக்குள். வெளியாள் வரவே முடியாது. வெரிஃபை ஃபால்ஸ் வைத்தால் யாருக்கு நஷ்டம்?'

ஐயா, உள்ளே வந்துவிட்ட ஒருவர்தான் இங்கே பயம். வைரஸ் ஏறிய ஒரு லேப்டாப் போதும், அது விபிஎன்னுக்குள்ளேதான் இருக்கிறது. இன்னொன்று, அந்த வரி அங்கேயே இருக்காது. 'டெஸ்டிங்குக்கு மட்டும்' என்று கமென்ட் போட்ட வரியை லைவ் சர்வரில், அதை எழுதியவர் கம்பெனியை விட்டுப் போன பிறகும், பார்த்திருக்கிறேன். அதை எடுக்க யாருக்கும் தைரியம் வராது, எடுத்தால் எது நிற்கும் என்று தெரியாது. அதற்குள் எதிர்ப்பக்கத்துச் சான்றிதழ் உண்மையிலேயே காலாவதியாகி மாதங்கள் ஆகியிருக்கும், நம் நிரலுக்கு அது தெரியவே தெரியாது.

உள் சர்வருக்கு வழிகள் இருக்கின்றன. சொந்தமாக ஒரு ரூட் உருவாக்கி எல்லாக் கணினியிலும் ஏற்றலாம். டெவலப்பர் கணினிக்கு எம்கேசர்ட் என்ற கருவி ஒரே கட்டளையில் முடிக்கும். எனக்குப் பிடித்த வழி: கம்பெனியின் உண்மையான டொமைனில் ஒரு துணைப்பெயர் எடுத்து, டிஎன்எஸ் வழிச் சோதனையால் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வாங்குவது. சர்வர் வெளியே தெரிய வேண்டியதில்லை, டிஎன்எஸ்ஸில் ஒரு டிஎக்ஸ்டி பதிவு போதும். எந்தக் கணினியிலும் எதையும் ஏற்ற வேண்டாம். அந்தத் துணைப்பெயர் பொதுப் பதிவேட்டில் வெளிப்படையாகத் தெரியும், அதை மட்டும் யோசித்துப் பெயர் வையுங்கள்.

20 நவம்பர்

அம்பத்தூர்த் தம்பிக்கு நல்ல செய்தி. எதிர்ப்பக்கம் இன்டர்மீடியட்டைச் சேர்த்துவிட்டார்கள், எஸ்_கிளையன்டில் எண் 0, அதாவது பிழை இல்லை. நீங்கள் ஒட்டி உருவாக்கிய தற்காலிகத் தொகுப்பை இப்போதே நீக்குங்கள். செர்டிஃபையைப் புதுப்பித்தாலும் உங்கள் பிரதிக்குள் எதுவும் வராது, நீக்கப்பட்ட ரூட்கள்கூட அதில் உயிரோடு இருக்கும்.

இந்தச் சாக்கில் ஒரு எச்சரிக்கை. பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் 2026 மார்ச் 14 வரை அதிகபட்சம் 398 நாள். 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47. கையால் புதுப்பிக்கிற காலம் முடிகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல்களையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எக்ஸ்509 கட்டளையில் செக்எண்ட் என்று 1209600 விநாடி கொடுத்தால், அடுத்த 14 நாளில் காலாவதியாகுமா என்று சொல்லும். நீங்கள் சார்ந்திருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) போட்டு வையுங்கள், அடுத்தவர் சர்வராக இருந்தாலும்.

மொபைல் ஆப்பில் இன்டர்மீடியட்டைப் 'பின்' செய்தவர்களும், அதாவது அந்த ஒன்றை மட்டும் நம்பும்படி வைத்தவர்களும், கவனிக்கவும். 2024இல் லெட்ஸ் என்கிரிப்ட் இன்டர்மீடியட்களை மாற்றியது, புதுப்பிக்கும்போது எது வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

23 நவம்பர்

'விண்டோஸில் ஓடுகிறது, லினக்ஸில் ஓடவில்லை, அரசுத் தளம்' என்று ஒரு கேள்வி. எந்த ரூட்டை யார் ஏற்கிறார்கள் என்பது மைக்ரோசாஃப்ட், மொசில்லா, ஆப்பிள், கூகுள் நான்கும் தனித்தனியாக எடுக்கும் முடிவு. லினக்ஸ் பெட்டிகளில் பெரும்பாலும் மொசில்லாவின் பட்டியல். 2014 ஜூலையில், நம் என்ஐசியின் (தேசிய தகவலியல் மையம்) இன்டர்மீடியட் வழியாகக் கூகுள் டொமைன்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்ததைக் கூகுள் கண்டுபிடித்தது. அப்போது இந்திய சிசிஏவின் (சான்றளிப்பு நிறுவனங்களின் கட்டுப்பாட்டாளர்) ரூட் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருந்தது, மொசில்லாவில் இல்லை. அதனால் விண்டோஸில் பாதிப்பு, ஃபயர்பாக்ஸுக்கு இல்லை. ஆகவே ஒரு கணினியில் ஓடுகிறது என்பதை மற்றொன்றுக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். சிசிஏ ரூட்டைச் சேர்க்க வேண்டுமென்றால் அந்த ஒரு இணைப்பின் கான்டெக்ஸ்டில் மட்டும் சேருங்கள், மொத்தக் கணினிக்கும் வேண்டாம்.

29 நவம்பர்

வங்கி இணைப்பு பற்றி ஒருவர்: 'அவர்கள் ஒரு பிஎஃப்எக்ஸ் கோப்பும் (சான்றிதழும் சாவியும் சேர்ந்தது) கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். கடவுச்சொல் சரி, ஆனாலும் ஓப்பன்எஸ்எஸ்எல் திறக்க மறுக்கிறது.'

ஓப்பன்எஸ்எஸ்எல் 3 என்று நினைக்கிறேன். பழைய கோப்புகள் ஆர்சி2 என்ற பழைய முறையில் பூட்டப்பட்டிருக்கும், 3 அதை இயல்பாக ஏற்காது. லெகசி தேர்வோடு ஒருமுறை திறந்து, புதிய முறையில் மறுபடி மூடிக்கொள்ளுங்கள். நடுவில் உருவாகும் திறந்த சாவிக் கோப்பை அழிக்க மறக்காதீர்கள்.

அடுத்த கட்டத்தில் வரப்போவதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நாம் அவர்களைச் சோதிப்பதோடு அவர்களும் நம்மைச் சோதிக்கிறார்கள். டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பின் நெறிமுறை) 1.2இல் நம் சான்றிதழ் பிடிக்காவிட்டால் கைகுலுக்கும்போதே, அதாவது இணைப்பைத் தொடங்கும்போதே, உடையும். 1.3இல் நம் பக்கம் கைகுலுக்கல் முடிந்தது என்றே நிரல் நினைக்கும். மறுப்பு அதற்கப்புறம், முதல் பதிலைப் படிக்கும்போதுதான் வந்து சேரும். கனெக்ட் வெற்றி என்று லாகில் இருக்கும், ரீடில் 'சர்டிபிகேட் ரிக்கொயர்டு' அல்லது 'பேட் சர்டிபிகேட்' இருக்கும். டைம்அவுட், சர்வர் லோட் என்று தேடிப் போகாதீர்கள். முதலாவது என்றால் நம் சான்றிதழ் போகவே இல்லை: நிரல் கோப்பை எடுத்துக்கொண்டதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் போனது, அவர்கள் ஏற்கவில்லை: நம் இன்டர்மீடியட்டையும் சேர்த்து அனுப்பினோமா, நம் சான்றிதழில் கிளையன்ட் பயன்பாட்டுக்கான குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தளத்துக்காக வாங்கிய பொதுச் சான்றிதழை இதற்கும் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் வங்கியிடம் இப்போதே பேசுங்கள். பொதுச் சான்றிதழ்களிலிருந்து அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.